சிற்பம் பார்க்க, புத்தகம் எடுக்கப் பிள்ளைகளோடு கிளம்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போவோம். மகளுக்கு நாலு வயதில் ஆரம்பித்தது, இப்போது அவளுக்குப் பதின்மூன்று, தம்பிக்கு ஒன்பது. பாந்தியன் சாலையில் அந்த ஒரே வளாகத்துக்குள் அருங்காட்சியகமும் இருக்கிறது, கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. முதலாவது 1851-ல் தொடங்கியது, இரண்டாவது 1896-ல் திறந்தது. காலையில் சிற்பம், அப்புறம் புத்தகம், அப்புறம் சாப்பாடு என்று எங்களுக்கு அது ஒரு வழக்கமாகிவிட்டது. பள்ளி வாசலில் காத்திருக்கும்போதும், மொட்டை மாடியில் துணி காயப் போடும்போதும் மற்ற அம்மா அப்பாக்கள் இதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

எத்தனை வயதில் ஆரம்பிக்கலாம்?

நடக்க ஆரம்பித்ததும். உண்மையில் நாம் ஏற்கெனவே ஆரம்பித்திருப்போம், அதற்குக் கலை என்று பெயர் வைத்திருக்க மாட்டோம், அவ்வளவுதான். கோயில் மண்டபத்தில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கும், விரலை விட்டு உருட்டினால் உருளும், ஆனால் வெளியே எடுக்க முடியாது. அதை உருட்டிப் பார்க்காத குழந்தை உண்டா? "இது எப்படிம்மா உள்ளே போச்சு?" என்று கேட்கும் அந்த நிமிடம்தான் ஆரம்பம். பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள், கொஞ்ச நேரம் உருட்டட்டும். முழுக் கல்லிலிருந்து வாயைக் குடைந்தபோதே உள்ளே உருண்டையை விட்டுவிட்டுச் சுற்றிலும் செதுக்கினார்கள் என்பதைச் சில குழந்தைகள் தாங்களாகவே கண்டுபிடித்துவிடும்.

ஒரு தடவை போனால் எவ்வளவு பார்க்க வேண்டும்?

ஒன்று. அதிகபட்சம் இரண்டு.

இதை யாரும் முதலில் நம்புவதில்லை. இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், டிக்கெட் எடுத்திருக்கிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் முறை போனபோது திமிங்கல எலும்புக்கூடு, அமராவதிச் சிற்பங்கள், பழைய நாணயங்கள் என்று மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து "என்னடி பார்த்தே?" என்று கேட்டால் "ஐஸ்கிரீம்" என்றாள். அது அவள் தப்பில்லை. பெரியவர்களுக்கே ஐம்பது சிலையைத் தாண்டினால் ஐம்பத்தொன்றாவது கண்ணில் படாது.

அடுத்த தடவை நேராக வெண்கலக் கூடத்துக்குப் போனோம், ஒரே ஒரு சிலைக்கு முன்னால் உட்கார்ந்தோம். திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரி, 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்துப் படிமம். நான் எதுவும் விளக்கவில்லை. "என்னவெல்லாம் தெரியுது, சொல்லு" என்று மட்டும் கேட்டேன். முதலில் நகை எல்லாம் சொன்னாள். அப்புறம் ஒரு பக்கம் வேட்டி முட்டிக்கு மேலே நிற்கிறது, மறுபக்கம் சேலை கணுக்கால் வரை வருகிறது என்றாள். அப்புறம் கையை எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி எண்ணினாள். பின்பக்கமாகப் போய் நின்று எண்ணிவிட்டு வந்து, "அம்மா, இதுக்கு மூணு கைதான் இருக்கு, ஒண்ணை மறந்துட்டாங்க" என்றாள்.

மறக்கவில்லை. சிவன் பாதிக்கு இரண்டு கை, அம்மன் பாதிக்கு ஒரு கை. இதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை இன்னும் நான் மறக்கவில்லை. "அப்போ சாமிக்கு மொத்தம் நாலு கை, அதுல பாதி ரெண்டு. அம்மாவுக்கு மொத்தம் ரெண்டு, அதுல பாதி ஒண்ணு" என்று அங்கேயே கணக்குப் போட்டாள். மொத்தம் இருபத்தைந்து நிமிடம் இருந்திருப்போம், அதோடு வெளியே வந்துவிட்டோம். ஒன்பது வருடம் கழித்தும் அந்தச் சிலையின் இடுப்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள்.

அலுப்பு வருவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே" என்று அவர்கள் கேட்கிற மாதிரி முடிந்தால் அந்த நாள் நல்ல நாள்.

ஒரே இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனால் போர் அடிக்காதா?

நமக்குத்தான் அடிக்கும். ஒரே கதையை நூறு தடவை சொல்லச் சொல்கிற பிள்ளைகள் அவர்கள். நாலு வயதில் கையை எண்ணியவள் எட்டு வயதில் "ஒரு கை எதுவும் பிடிக்காம சும்மா நீட்டியிருக்கே, எது மேலே சாஞ்சிருக்கு?" என்று கேட்டாள். அந்தக் கை ரிஷபத்தின் மேல் சாய்ந்திருக்கிற கை, மாடுதான் இப்போது அங்கே இல்லை. இல்லாத மாட்டை அவள் நோட்டில் வரைந்து சேர்த்தாள். முதல் தடவையே எல்லாவற்றையும் நான் சொல்லிக் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

எனக்கே சிற்பம் ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது, பிள்ளை கேட்டால் என்ன சொல்வது?

அதிகம் வரும் கேள்வி இதுதான், கூச்சத்தோடு வரும். கூச்சமே வேண்டாம். பதில் தெரிந்த பெற்றோரைவிடக் கூடவே நின்று பார்க்கிற பெற்றோர்தான் பிள்ளைகளுக்கு வேண்டும்.

மாமல்லபுரத்தில் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், பல்லவர் காலம், யானைக் கூட்டமும் தேவர்களும் வேடர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். அதை அர்ச்சுனன் தபசு என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், பகீரதன் தவம் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள், அறிஞர்களுக்குள்ளேயே இது முடியாத வழக்கு. இதை அப்படியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு கதையையும் பேருந்தில் போகும்போதே சொல்லி வையுங்கள்: அர்ச்சுனன் சிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்கத் தவம் இருந்தான், பகீரதன் கங்கையைப் பூமிக்குக் கொண்டுவரத் தவம் இருந்தான். பாறைக்கு முன்னால் போய் நின்றதும் "எது சரி, நீயே சொல்லு, ஆனா காரணம் காட்டணும்" என்று விட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் அன்றைக்குச் சண்டையே வந்தது. நடுவில் ஒரு பிளவு இருக்கிறது, அதில் நாகங்கள் இருக்கின்றன, அப்படியானால் அது தண்ணீர், தண்ணீர் என்றால் கங்கை, ஆகவே பகீரதன் என்று மகள். ஒற்றைக் காலில் நிற்கிறவருக்குப் பக்கத்திலேயே சிவன் ஆயுதத்தோடு பூதங்கள் சூழ நிற்கிறார், வரம் கொடுக்க வந்தவர் அவர், ஆகவே அர்ச்சுனன் என்று என் கணவர். மகனுக்கு இரண்டுமே வேண்டாம், அவன் கண்டுபிடித்தது பூனையை. யானைகளின் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். மேலே நிற்கிற முனிவரைப் போலவே இந்தப் பூனையும் நிற்கிறது என்று அவன்தான் எங்களுக்குக் காட்டினான். அதுவரை நான் மூன்று முறை அங்கே போயிருக்கிறேன், இரண்டையும் சேர்த்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். அங்கே பால் கறக்கிற காட்சியில் பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கும். அதையும் விட்டுவிடாதீர்கள்.

சரி, சிற்பம் பார்த்தால் வாசிப்பு எப்படி வரும்? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வியோடு வெளியே வருகிற பிள்ளைக்குப் புத்தகம் தேவைப்படும். அதுதான் சம்பந்தம். "படி, படி" என்று சொல்லும்போது எதற்காகப் படிக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிவதில்லை. பூனை ஏன் தவம் செய்கிறது என்று மண்டைக்குள் குடைந்துகொண்டிருக்கும்போது, "பொய்த் தவம் செய்த பூனை கதை ஒண்ணு மகாபாரதத்தில் வருது, தேடுவோமா?" என்றால் அவனே நமக்கு முன்னால் நடப்பான். ஆகவே வெளியே போன அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே, நூலகத்துக்குப் போய்விடுங்கள். ஒரு வாரம் ஆறவிட்டால் அந்தக் கேள்வி செத்துப்போகும்.

கீழடியிலும் இதைப் பார்த்தேன். அங்கே அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தது, செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியிருக்கிறார்கள். மகன் அப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயது. பானை ஓட்டில் கீறியிருந்த தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துக்கு முன்னால் நின்று, "இது என்ன எழுதியிருக்கு?" என்றான். கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்றெல்லாம் பெயர்கள் கிடைத்திருக்கின்றன. "பேரு. அந்தப் பானையோட சொந்தக்காரங்க பேரா இருக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "என் டிபன் பாக்ஸ்ல நீ எழுதின மாதிரியா?" என்றான். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு ஆள் அவனுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். அந்த வாரம் முழுக்கத் தமிழி எழுத்தில் எங்கள் எல்லோர் பெயரையும் எழுதிச் சுவரில் ஒட்டினான். எழுத்தின் மேல் அவனுக்கு ஆசை வந்தது அப்போதுதான் என்று நான் நம்புகிறேன்.

நூலகத்தில் குழந்தை சத்தம் போட்டால்?

போடத்தான் செய்யும். ஒரு ஊரில் (எந்த நூலகம் என்று சொல்லப் போவதில்லை) நாலு வயது மகன் ஒரு படத்தைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டான் என்பதற்காக அங்கே இருந்த பெரியவர் ஒருவர், "இதெல்லாம் எதுக்கும்மா கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. புத்தகத்தைப் பார்த்துச் சிரித்ததற்கா திட்டு? அதன்பிறகு ஆறு மாதம் அவன் நூலகம் என்றாலே வர மாட்டேன் என்றான்.

சிறுவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிற நூலகமாகத் தேடிப் போங்கள். கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதி முதல் தளத்தில் இருக்கிறது, அங்கே பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பரப்பிக்கொள்ளலாம். மதுரைக்காரர்களுக்கு 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

நூலக இயலின் தந்தை என்று நாம் கொண்டாடுகிற எஸ்.ஆர். அரங்கநாதன் சீர்காழிக்காரர். 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்பாட்டுக்கே என்பது. அதே 1931-ல்தான் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிற நடமாடும் நூலகத்தையும் ஆரம்பித்தார்கள். மாட்டு வண்டியில் புத்தகம் வந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், அன்றைக்கே பொம்மை வண்டியில் புத்தகம் அடுக்கிவிடுவார்கள். வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோன ஊர் நம் ஊர், அங்கே ஒரு குழந்தையின் சிரிப்புக்கு இடம் இருக்க வேண்டும்.

நாங்கள் சென்னையில் இல்லை. எங்கள் பக்கம் அருங்காட்சியகம் எதுவும் கிடையாது.

அருங்காட்சியகம் இல்லாத ஊர் இருக்கலாம். பார்க்க ஒன்றும் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது.

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கம் என்றால் கோடையில் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்து நடக்கும். ராத்திரி முழுக்கக் குழந்தை விழித்திருக்க வேண்டும் என்பதில்லை, கூத்து ஆரம்பிப்பதற்கு முன்பே போய் ஒப்பனை போடுகிற இடத்தில், அவர்களிடம் கேட்டுவிட்டு, ஓரமாக உட்கார்ந்துவிடுங்கள். பெட்ரோமாக்ஸோ பல்போ ஏதோ ஒரு வெளிச்சத்தில் கையில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தன் முகத்தில் தானே அரிதாரம் பூசி, மீசை வரைந்து, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, துரியோதனனாக எழுந்து நிற்பார். அதைவிட நல்ல ஓவிய வகுப்பு எங்கே கிடைக்கும்? கடைசி நாள் படுகளத்துக்கு, அதாவது துரியோதனன் விழுகிற காட்சிக்கு, மைதானத்தில் மண்ணாலேயே படுத்த நிலையில் பிரம்மாண்டமான துரியோதனனைச் செய்து வைத்திருப்பார்கள், குழந்தை அந்த மண் கால் விரலுக்குப் பக்கத்தில் போய் நின்று தன் உயரத்தை அளந்து பார்க்கும். அன்றைக்கு ராத்திரி மகாபாரதம் படித்துக் காட்டுங்கள், நிறுத்த விட மாட்டார்கள்.

புதுக்கோட்டை, சிவகங்கை என்றால் அய்யனார் கோயில் குதிரைகள். அவற்றை மண்ணில் செய்கிற வேளார் வீட்டுக்குப் போய் மண் பிசைவதிலிருந்து பார்க்கக் கிடைத்தால் அதற்கு இணை இல்லை. சித்தன்னவாசலும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் குகைக் கோயிலின் மேற்கூரையில் தாமரைக் குளம் ஒன்றை வரைந்திருக்கிறார்கள், மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். நிறம் மங்கியிருக்கிறது, முதலில் எதுவுமே தெரியாது, கண் பழகப் பழகத்தான் ஒவ்வொன்றாக மேலே வரும். யார் முதலில் மீனைக் கண்டுபிடிப்பது என்று போட்டி வையுங்கள். உள் அறையில் நின்று மெல்ல முனகினால் அறை முழுக்க ரீங்காரம் கேட்கும், அதை எங்கள் பிள்ளைகள் படத்தைவிட அதிகம் ரசித்தார்கள். அதுவும் சரிதான்.

எதுவும் இல்லாவிட்டால் மார்கழியில் விடியற்காலையில் நாலு தெரு நடந்து கோலம் பாருங்கள். எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, சிக்குக் கோலத்தில் கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விரலால் காற்றில் போட்டுக்கொண்டே வரட்டும்.

புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டிப் போகலாமா? கூட்டத்தில் தொலைந்துவிடுவார்களே?

வார நாளில், திறந்த உடனே போங்கள், கூட்டம் இருக்காது. சென்னைப் புத்தகக் காட்சி 1977-லிருந்து நடக்கிறது, பொங்கலை ஒட்டி வரும், இப்போது மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. ஒரு உண்டியலை வருடம் முழுக்க நிரப்பி, அந்தக் காசை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அப்புறம் எதை வாங்கினாலும் வாயைத் திறக்காதீர்கள். என் மகன் ஒரு வருடம் முழுப் பணத்துக்கும் டைனோசர் புத்தகமாகவே வாங்கினான். தொண்டை வரை வந்த பேச்சை அடக்கிக்கொண்டேன். அதில் ஒன்று இன்றைக்கும் அவன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நீதிக்கதைகள் அலமாரியில் புதுசாகவே இருக்கின்றன.

தமிழில் படிக்கவே மாட்டேன் என்கிறாள். ஆங்கிலம்தான் எடுக்கிறாள்.

தமிழ்ப் பாடம் என்றால் பரீட்சை என்று ஆகிவிட்டதால் வந்த வினை இது. அவள் வயதுக்குச் சொல்கிற புத்தகத்தைவிட ரொம்ப எளிதான தமிழ்ப் புத்தகத்தைக் கொடுங்கள், பத்து வயதுக்காரிக்கு ஆறு வயதுப் படப் புத்தகம் கொடுத்தாலும் பரவாயில்லை, முழுதாக முடித்தேன் என்ற நிறைவு முக்கியம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே கிடைக்கும். பெயர் வைத்த விதமே எனக்குப் பிடிக்கும். அப்புறம், நீங்கள் வாசித்துக் காட்டுவதை நிறுத்தாதீர்கள். தானாகப் படிக்கத் தெரிந்துவிட்டது என்று அன்றோடு நிறுத்திவிடுகிறோம், பதின்மூன்று வயதிலும் என் மகள் காது கொடுத்துக் கேட்கிறாள்.

போட்டோ எடுக்கலாமா?

அனுமதி உள்ள இடத்தில், கிளம்பும்போது ஒன்று. அதற்கு முன் போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

போய் வந்ததும் வரையச் சொல்கிறேன், "எனக்கு வரைய வராது" என்று அழுகிறான்.

வரையச் சொல்லாதீர்கள், நீங்கள் வரையுங்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பென்சிலாலேயே. சரியாக வராது, வராமலே வரையுங்கள். பாதியில் "அப்படி இல்லைப்பா, காது இங்கே வரும்" என்று பிடுங்கிக்கொள்வான்.

வரைவது ஒத்துவராத பிள்ளைகளுக்குக் களிமண் கொடுத்துப் பாருங்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகள் முதலில் மெழுகில்தான் சிலையைச் செய்வார்கள், அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்துக்குள் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். கடைசியில் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், அதனால் ஒரு வார்ப்பில் ஒரு சிலைதான். இதைக் கேட்ட அன்றைக்கு என் மகன் மெழுகுவர்த்தியை உருக்கி ஒரு யானை செய்தான். தும்பிக்கை நிற்கவே இல்லை, நாலு தடவை ஒட்டினான். அடுத்த மாதம் வெண்கலக் கூடத்தில் நடராசரின் விரிந்த சடைக்கு முன்னால் வெகு நேரம் நின்று, "இது எப்படி உடையாம நிக்குது?" என்று என்னைக் கேட்காமல் அங்கிருந்த காவலரைக் கேட்டான். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கூடவே நின்று பார்த்தார்.

செலவு எவ்வளவு ஆகும்?

மாமல்லபுரம் தபசுப் பாறையைச் சாலையோரத்தில் நின்றே காசு கொடுக்காமல் பார்க்கலாம். அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் உண்டு. சென்னையில் சாதாரணக் கட்டணப் பேருந்தில் அம்மாக்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. தண்ணீர் பாட்டிலும் புளிசாதமும் கட்டிக்கொண்டால் மற்றதெல்லாம் சில்லறைச் செலவுதான். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

ஒரு பிள்ளைக்குப் பிடிக்கிறது, இன்னொன்று வரவே மாட்டேன் என்கிறது.

வராததை ஒரு தடவை விட்டுவிட்டுப் போங்கள், பாட்டி வீட்டில் இருக்கட்டும். வந்த பிள்ளையிடம், "தம்பிகிட்ட சொல்றதுக்கு ஒரே ஒரு விஷயம் எடுத்துட்டு வா" என்று சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது: அக்கா வந்து, அருங்காட்சியகத்தில் ஒரு சாமி இருக்கு, அதுக்கு மூணு கைதான் என்றாள். "பொய் சொல்றே" என்றான் அவன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்க்கக் கிளம்பிவிட்டான்.